கட்டாயத்தால் வருமா பக்தி?

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி

காலை மணி அடித்ததும் எங்கள் பள்ளி மைதானத்தில் வரிசை வரிசையாக நிற்போம். எதிரே யானைமலை படுத்திருக்கும். ஒத்தக்கடையில் பிறந்த எங்களுக்கு அந்த மலையைப் பார்க்காமல் பொழுது விடிவதில்லை. மேலூர் சாலையில் செல்லும் பேருந்துகளின் ஓசை சற்றே அடங்கியதும் ஜெபம் தொடங்கும். அதன்பின் தமிழ்த்தாய் வாழ்த்து, திருக்குறள், செய்திகள், உறுதிமொழி, நாட்டுப்பண் என்று காலைக் கூட்டம் நடைபெறும். பத்து ஆண்டுகளாக இந்த வரிசையில் நின்றிருக்கிறோம். ஆயினும் இந்த ஆண்டுதான் இந்த வரிசையின் பொருள் எங்களுக்கு விளங்கியது. அது எப்படி விளங்கியது என்பதைக் கூறவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

"நான்" என்று எழுதாமல் "நாங்கள்" என்று ஏன் எழுதுகிறாய் என்று சிலர் கேட்கக்கூடும். தவறு செய்தபோது நாங்கள் ஒன்றாகச் செய்தோம். அதை ஒப்புக்கொள்ளும்போது மட்டும் தனித்தனியே பிரிந்து நிற்பது முறையன்று. ஆகவே "நாங்கள்" என்றே எழுதுகிறோம்.

சென்ற ஜூன் மாதம் எங்கள் வகுப்பில் ஒரு புதிய மாணவி சேர்ந்தாள். அவளுடைய தந்தைக்கு மதுரைக்கு மாற்றல் ஆகியிருந்தது. தலையில் பூ இல்லை. காதில் தோடு இல்லை. நெற்றியில் பொட்டும் இல்லை. எண்ணெய் தடவி இறுக்கப் பின்னிய இரட்டைச் சடை மட்டுமே. அவள் குடும்பத்தார் பெந்தெகொஸ்தே சபையைச் சேர்ந்தவர்கள் என்று முதல் நாளே தெரிந்துகொண்டோம். யாரிடமும் அதிர்ந்து பேசமாட்டாள். கணக்கில் கெட்டிக்காரி. குரலோ குயில் குரல். நாட்டுப்பண் பாடும்போது அவள் குரல் மட்டும் தனியே கேட்கும்.

ஆனால் ஜெப நேரத்தில் அவள் எங்களைப் போல் சிலுவை அடையாளம் போடுவதில்லை. "அருள் நிறைந்த மரியே" என்று நாங்கள் தொடங்கினால், அவள் தலைகுனிந்து வாய் பேசாமல் நிற்பாள். முதலில் இதை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் வகுப்பில் இந்துத் தோழியர் இருக்கிறார்கள். இசுலாமியத் தோழியரும் இருக்கிறார்கள். அவர்களும் அப்போது அமைதியாகத்தான் நிற்பார்கள். மறைக்கல்வி வகுப்புக்கு நாங்கள் சென்றால், அவர்கள் நன்னெறி வகுப்புக்குச் செல்வார்கள். இது எங்களுக்குப் பழகிப்போன ஏற்பாடு.

வேடிக்கை என்னவென்றால், அவர்களிடம் வராத கோபம் இவளிடம் வந்ததுதான். "கையில் பைபிள் வைத்திருக்கிறாள், இயேசுவை நம்புகிறாள், பிறகு ஏன் நம்மைப் போல் ஜெபிப்பதில்லை?" என்று பேசிக்கொண்டோம். தூரத்தில் இருப்பவரின் வேற்றுமையைப் பொறுத்துக்கொள்ளும் மனம், பக்கத்தில் இருப்பவரின் சிறு வேற்றுமையைப் பொறுப்பதில்லை போலும்.

செப்டம்பர் 8 மாதா பிறந்த நாள் அல்லவா? எங்கள் பள்ளியில் அன்று கெபி முன்பாக விழா நடக்கும். ஒவ்வொரு வகுப்பின் சார்பிலும் ஒரு மாணவி மாதாவுக்கு மாலை அணிவிப்பாள். முதல் இடைப்பருவத் தேர்வில் முதல் மதிப்பெண் பெற்றவரே மாலை போட வேண்டும் என்பது எங்கள் வகுப்பில் நாங்களே வகுத்துக்கொண்ட வழக்கம். இந்த ஆண்டு முதல் மதிப்பெண் பெற்றவள் அவள்!

நாங்கள் சென்று சொன்னோம். அவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "என்னால முடியாதுப்பா. தப்பா நினைக்காதீங்க. மாதா மேல எனக்கு மரியாதை இருக்கு. ஆனா சுரூபத்துக்கு மாலை போடுறதுக்கு எங்க சபையில இடமில்ல. வேற யாராவது போடட்டும். நான் வரிசையில வந்து நிக்கிறேன்" என்றாள்.

இதில் அவமதிப்பு ஒரு துளியும் இல்லை என்பது இன்று விளங்குகிறது. அன்று விளங்கவில்லை. எங்கள் தாயையே ஏசிவிட்டது போல் கொதித்தோம். "எங்க ஸ்கூல்ல படிக்கணும், எங்க மாதாவுக்கு மட்டும் மாலை போட மாட்டியா?" என்று எங்களில் ஒருத்தி கேட்டுவிட்டாள். கேட்டது ஒருத்திதான். ஆனால் மற்றவர்கள் எல்லோரும் தலையை ஆட்டினோம்.

அதற்குப் பிறகு நடந்ததை எழுத எங்களுக்கு வெட்கமாகவே இருக்கிறது. மதிய உணவு வேளையில் அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. அவள் வேப்பமரத்தடியில் தனியாக டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டாள். கணக்கு நோட்டைக் கேட்டு வாங்குபவர்கள்கூட வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம். அத்தோடு நிற்கவில்லை. அவளைப் பாடகர் குழுவிலிருந்து நீக்க வேண்டும் என்றும், ஜெபத்தில் எல்லோரும் கட்டாயம் கலந்துகொள்ள வேண்டும் என்று உத்தரவிட வேண்டும் என்றும் தலைமை ஆசிரியையான சிஸ்டருக்கு ஒரு மனு எழுதினோம். வகுப்பில் 46 பேர். அதில் 38 பேர் கையெழுத்திட்டோம். கத்தோலிக்கர் அல்லாதவர்களும் கூட்டத்தோடு கூட்டமாகக் கையெழுத்திட்டார்கள்.

கையெழுத்திட மறுத்தவர்களில் ஓர் இசுலாமியத் தோழியும் ஒருத்தி. ஏன் என்று கேட்டோம். "இன்னைக்கு அவ பேரு. நாளைக்கு இதே பேப்பர்ல என் பேரு வராதுன்னு என்ன நிச்சயம்?" என்று கேட்டாள். எங்களிடம் பதில் இல்லை. பதில் இல்லாவிட்டாலும் மனுவைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். கூட்டம் சேர்ந்துவிட்டால் காது கேட்காமல் போய்விடும் என்பதை அன்று எங்களிடமே கண்டோம்.

இரண்டு நாள் கழித்து அவளுடைய தந்தை பள்ளிக்கு வந்தார். வெள்ளைச் சட்டை அணிந்து, கையில் ஒரு மஞ்சள் பையுடன் அலுவலக வாசலில் நின்றுகொண்டிருந்தார். மாற்றுச் சான்றிதழ் கேட்க வந்திருக்கிறார் என்ற செய்தி பரவியது. பொதுத் தேர்வு எழுதும் ஆண்டின் நடுவில் பள்ளியை விட்டுப் போவதென்றால் என்ன பொருள் என்று பத்தாம் வகுப்பில் படிக்கும் எங்களுக்குத் தெரியாதா? வெற்றி பெற்றுவிட்டோம் என்று மகிழ்ந்திருக்க வேண்டும். ஆனால் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அவர் எங்களைப் பார்த்து, "நல்லா படிக்கிறீங்களாம்மா?" என்று கேட்டார். எங்களால் தலைநிமிர்ந்து பதில் கூற முடியவில்லை.

அன்று மாலை சிஸ்டர் எங்களை அழைத்தார்கள். பிரம்படி விழாவிட்டாலும் சொல்லடி நிச்சயம் என்று நினைத்துக்கொண்டே போனோம். சிஸ்டர் கோபிக்கவே இல்லை. எங்கள் மனுவை மேசை மேல் வைத்து அதன்மேல் ஒரு கண்ணாடிக் கல்லை வைத்தார்கள். "பிள்ளைகளே, இது ஒரு வாரம் இங்கேயே இருக்கட்டும். நம் ஊருக்குப் பக்கத்தில் உயர் நீதிமன்றம் இருக்கிறது. தினமும் அதைக் கடந்துதான் வருகிறீர்கள். பள்ளிக்கூடத்தில் வாய் திறக்காமல் நின்ற பிள்ளைகளைப் பற்றி நீதிமன்றங்கள் என்ன சொல்லியிருக்கின்றன என்று தெரிந்துகொண்டு வாருங்கள். நம் திருச்சபை என்ன சொல்லியிருக்கிறது என்றும் படித்து வாருங்கள். பிறகு பேசலாம்" என்று கூறி அனுப்பிவிட்டார்கள். அவளுடைய தந்தையிடமும் ஒரு வாரம் பொறுக்கும்படி கேட்டுக்கொண்டார்கள் என்று பின்னர் அறிந்தோம்.

சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் நாள் தொடங்கப்பட்டது. ஒத்தக்கடைக்காரர்களாகிய எங்களுக்கு அது ஒரு பேருந்து நிறுத்தம், அவ்வளவுதான். கறுப்பு அங்கி அணிந்தவர்கள் தேநீர் அருந்துவதைப் பார்த்திருக்கிறோம். அங்கே என்ன நடக்கிறது என்று ஒருநாளும் எண்ணியதில்லை. எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தந்தை ஒரு வழக்கறிஞரிடம் குமாஸ்தாவாக இருக்கிறார். அவர் கேட்டுச் சொன்ன செய்திகளும், சமூக அறிவியல் டீச்சர் தேடித் தந்தவையும், நூலகத்தில் நாங்கள் படித்தவையும் சேர்ந்ததே இனி வருவது.

முதலில் நம் பக்கத்து மாநிலமாகிய கேரளத்தில் நடந்த கதை. கோட்டயம் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் பிஜோ, பினு மோள், பிந்து என்று மூன்று உடன்பிறப்புகள் படித்தார்கள். மூத்தவர் எங்களைப் போலப் பத்தாம் வகுப்பு. மற்றவர்கள் ஒன்பதும் ஐந்தும். அவர்கள் யெகோவாவின் சாட்சிகள் என்னும் சமயப் பிரிவினர். நாட்டுப்பண் பாடும்போது எழுந்து மரியாதையாக நிற்பார்கள், ஆனால் பாடமாட்டார்கள். கடவுளுக்கு மட்டுமே உரிய வணக்கத்தை வேறொன்றுக்குத் தரலாகாது என்பது அவர்களுடைய நம்பிக்கை. அவர்களுக்கு முன் அதே பள்ளியில் படித்த அக்காமாரும் அப்படித்தான் நின்றார்கள். யாரும் குறை கூறவில்லை. 1985ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் இதைக் கவனித்துச் சட்டமன்றத்தில் கேள்வி எழுப்பினார். விசாரணை நடந்தது. பிள்ளைகள் ஒழுக்கமானவர்கள், நாட்டுப்பண்ணை அவமதிக்கவில்லை என்றே அறிக்கை வந்தது. அப்படியிருந்தும் ஜூலை 26ஆம் நாள் மூவரும் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். காரணம், மேலிடத்து உத்தரவு.

கேரள உயர் நீதிமன்றத்தில் அவர்களுக்கு நியாயம் கிடைக்கவில்லை. பிறகு உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1986ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் நீதிபதிகள் ஓ. சின்னப்ப ரெட்டியும் எம்.எம். தத்தும் தீர்ப்பு வழங்கினார்கள். நாட்டுப்பண்ணைப் பாடியே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் கூறவில்லை. எழுந்து நிற்பதே மரியாதை. மனச்சான்றின்படி உண்மையாகக் கடைப்பிடிக்கும் நம்பிக்கைக்காகப் பிள்ளைகளை நீக்கியது அரசியலமைப்பின் 19ஆம் பிரிவுக்கும் 25ஆம் பிரிவுக்கும் முரணானது என்று கூறி அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும்படி உத்தரவிட்டார்கள். அந்த நம்பிக்கை நமக்கு விநோதமாகத் தோன்றுகிறதா என்பது கேள்வியே அன்று, அவர்கள் அதை உண்மையாக நம்புகிறார்களா என்பதே கேள்வி என்பது அந்தத் தீர்ப்பின் கருத்து. நம் மரபும் தத்துவமும் சட்டமும் சகிப்புத்தன்மையையே போற்றுகின்றன, அதில் தண்ணீர் கலக்கலாகாது என்னும் கருத்துடன் தீர்ப்பை முடித்திருந்தார்கள்.

இதைப் படித்தபோது எங்களுக்குச் சுருக்கென்றது. வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த எங்கள் தோழியை நினைத்துக்கொண்டோம்.

அந்தத் தீர்ப்பில் அமெரிக்க நாட்டு வழக்குகள் இரண்டும் பேசப்பட்டிருந்தன. ஆகவே அவற்றையும் தேடினோம். 1791ஆம் ஆண்டிலேயே அமெரிக்க அரசியலமைப்பில் முதல் திருத்தம் சேர்க்கப்பட்டு, அரசு ஒரு சமயத்தை நிறுவவும் கூடாது, சமயத்தைப் பின்பற்றுவதைத் தடுக்கவும் கூடாது என்று எழுதப்பட்டது. ஆனால் ஏட்டில் எழுதியது எல்லாம் நாட்டில் நடந்துவிடுமா?

பென்சில்வேனியா மாநிலத்தில் மைனர்ஸ்வில் என்று ஒரு சிற்றூர். அங்கே 1935ஆம் ஆண்டில் லில்லியன் என்னும் 12 வயதுச் சிறுமியும், வில்லியம் என்னும் 10 வயதுத் தம்பியும் கொடிவணக்கம் செய்ய மறுத்ததால் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். இவர்களும் யெகோவாவின் சாட்சிகளே. அந்த ஊரில் கத்தோலிக்கர்களே மிகுதி என்று படித்தபோது எங்களுக்குத் தலைகுனிவாக இருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1940ஆம் ஆண்டு எட்டு நீதிபதிகள் பள்ளியின் பக்கமும், ஸ்டோன் என்னும் ஒரே ஒரு நீதிபதி பிள்ளைகளின் பக்கமும் நின்றார்கள். தீர்ப்பு வெளியானபின் அந்தச் சமயத்தாரைப் பல ஊர்களில் கூட்டம் கூடித் தாக்கினார்கள். அவர்களுடைய வழிபாட்டுக் கூடத்துக்குத் தீயும் வைத்தார்கள். பெரியவர்கள் ஒரு வார்த்தை தவறாகச் சொன்னால் தெருவில் இருப்பவர்களுக்கு எவ்வளவு துணிச்சல் வந்துவிடுகிறது!

ஆனால் கதை அங்கே முடியவில்லை. இரண்டே ஆண்டுகளில், 1942இல், அந்த எட்டுப் பேரில் மூவர் வேறொரு வழக்கின்போது, முன்பு தாங்கள் சொன்ன தீர்ப்பு தவறு என்று வெளிப்படையாக எழுதினார்கள். 1943ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள், உலகப்போர் உச்சத்தில் இருந்த காலத்திலேயே, மேற்கு வர்ஜீனியா வழக்கில் அந்த நீதிமன்றம் தன் பழைய தீர்ப்பை மாற்றியது. நீதிபதி ஜாக்சன் எழுதிய தீர்ப்பின்படி, எந்தப் பிள்ளையையும் மனத்தில் இல்லாததை வாயால் சொல்லும்படி அரசு கட்டாயப்படுத்தலாகாது. உச்ச நீதிமன்ற நீதிபதிகளே "நாங்கள் தவறிவிட்டோம்" என்று எழுதும்போது, பத்தாம் வகுப்பு மாணவியர் 38 பேருக்கு அதை எழுத என்ன தயக்கம்?

இன்னொரு வழக்கு எங்கள் சிஸ்டர்களுக்கு மிகவும் பிடிக்கும். 1922ஆம் ஆண்டு ஓரிகான் மாநிலத்தில், 8 வயது முதல் 16 வயது வரை உள்ள பிள்ளைகள் எல்லோரும் அரசுப் பள்ளியில்தான் படிக்க வேண்டும் என்று வாக்கெடுப்பின் மூலம் ஒரு சட்டம் கொண்டுவரப்பட்டது. கத்தோலிக்கர்மீது அப்போது அங்கே பெரும் வெறுப்பு. அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தால் கன்னியர் நடத்திய பள்ளிகள் மூடப்பட்டிருக்கும். இயேசு மரியாளின் திருப்பெயர்கள் சபையைச் சேர்ந்த கன்னியர் அஞ்சாமல் வழக்குத் தொடுத்தார்கள். 1925ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் நாள் நீதிபதிகள் ஒருமனதாக அந்தச் சட்டத்தைத் தள்ளுபடி செய்தார்கள். பிள்ளை அரசின் உடைமையன்று, அதன் கல்வியை வழிநடத்தும் உரிமை பெற்றோருக்கு உண்டு என்பது தீர்ப்பின் சாரம்.

இவ்விரு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஓரிடத்தில் கத்தோலிக்கர்கள் சிறுபான்மை. சுதந்திரம் வேண்டும் என்று நீதிமன்றத்தில் ஏறினார்கள். வேறோரிடத்தில் பெரும்பான்மை, இரு சிறு பிள்ளைகள் வெளியே நிறுத்தப்பட்டபோது அந்த ஊர் பொறுத்துக்கொண்டது. நமக்கு வேண்டும் என்று கேட்பதைப் பிறருக்கும் கொடுக்காவிட்டால் அதற்குச் சுதந்திரம் என்று பெயர் சொல்லலாமா? சலுகை என்று வேண்டுமானால் சொல்லலாம்.

நம் நாட்டுக்கு வருவோம். நம் அரசியலமைப்பின் 30ஆம் பிரிவு சிறுபான்மையினர் தங்கள் விருப்பப்படி கல்வி நிலையங்களை நிறுவி நடத்தலாம் என்று கூறுகிறது. எங்கள் பள்ளி நிற்பது அந்தத் தூணின்மேல்தான். அதை நாங்கள் முன்பே அறிவோம். அறியாதது 28ஆம் பிரிவு. அரசின் அங்கீகாரமோ உதவியோ பெற்ற கல்வி நிலையத்தில் படிக்கும் எவரையும், அவருடைய சம்மதமின்றி, சமய போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளும்படி வற்புறுத்தக் கூடாது; சிறுவர் என்றால் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்பது அதன் மூன்றாம் உட்பிரிவு. எங்கள் பள்ளியைக் காக்கும் அதே புத்தகம், இரண்டு பிரிவுகளுக்கு முன்பே எங்கள் தோழியையும் காத்து நிற்கிறது! நாங்கள் எழுதிய மனுவோ ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றைக் கிழிக்கச் சொன்னது.

1948ஆம் ஆண்டு டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் சமயச் சுதந்திரம் பற்றிய விவாதம் நடந்தது. சமயத்தைப் பரப்பும் உரிமையையும் சேர்க்கலாமா கூடாதா என்பது கேள்வி. நம் தமிழகத்தைச் சேர்ந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரி எழுந்து பேசும்போது, தாம் ஏறத்தாழ 14 ஆண்டுகள் கிறிஸ்தவக் கல்வி நிலையங்களில் படித்ததாகவும், தம்மை மதம் மாற்ற அங்கே எந்த முயற்சியும் நடக்கவில்லை என்றும் சாட்சி கூறி, அந்த உரிமையை ஆதரித்தார். இதைப் படித்தபோது பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. பெருமை, நம்மைப் போன்ற பள்ளிகளில் நமக்கு முன் இருந்தவர்கள் அப்படி நடந்துகொண்டார்கள் என்பதால். பயம், நாளை எங்கள் தோழி எங்கேனும் எழுந்து நின்று தன் பள்ளியைப் பற்றிச் சாட்சி கூறினால் என்ன கூறுவாள் என்பதால்.

திருச்சபை என்ன கூறுகிறது என்ற கேள்விக்கும் விடை கிடைத்தது. 1965ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமயச் சுதந்திரம் பற்றிய பிரகடனத்தை வெளியிட்டது. சமயக் காரியத்தில் எவரையும் அவருடைய மனச்சான்றுக்கு எதிராக நடக்கும்படி கட்டாயப்படுத்தலாகாது. இந்த உரிமை மனித மாண்பிலிருந்தே பிறக்கிறது என்று அது போதிக்கிறது. அந்தப் பிரகடனம் உருவாவதில் ஜான் கோர்ட்னி மர்ரே என்னும் அமெரிக்க சேசுசபைக் குரு பெரும் பங்காற்றினார். அவரையே 1950களில் இந்தப் பொருளைப் பற்றி எழுத வேண்டாம் என்று மேலிடத்தில் நிறுத்தியிருந்தார்கள். அவர் கீழ்ப்படிந்து பொறுமையாகக் காத்திருந்தார். பத்தாண்டில் உலகத்து ஆயர்கள் எல்லாம் கூடி அவர் சொன்ன வழிக்கே வந்தார்கள். திருச்சபையே கற்றுக்கொண்ட ஒன்றை நாங்கள் கற்றுக்கொள்வதில் என்ன இழிவு?

எங்களில் ஒருத்தி மட்டும் விடவில்லை. "அப்படின்னா எல்லாரும் அவங்கவங்க இஷ்டப்படி நடந்தா பள்ளிக்கூடத்துல ஒழுங்கு எங்க இருக்கும்?" என்று கேட்டாள். நல்ல கேள்விதான். டீச்சர் பதில் சொன்னார்கள். 25ஆம் பிரிவே பொது ஒழுங்கு, நன்னெறி, சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டுத்தான் சுதந்திரம் தருகிறது. "அவள் தாமதமாக வந்தாளா? சீருடை அணியவில்லையா? நீங்கள் ஜெபிக்கும்போது சிரித்தாளா, பேசினாளா, உங்களைத் தடுத்தாளா?" என்று டீச்சர் கேட்டார்கள். இல்லை, இல்லை, இல்லை என்றே சொல்ல வேண்டியிருந்தது. கலந்துகொள்ளாமல் இருப்பது வேறு, கலைப்பது வேறு. கலைத்தது யார் என்று பார்த்தால், வேப்பமரத்தடியில் ஒருத்தியைத் தனியே உட்கார வைத்த நாங்கள்தான்.

அந்த வாரக் கடைசியில் சிலர் யானைமலை அடிவாரத்துக்குச் சென்றோம். மலையில் சமணத் தீர்த்தங்கரர்களின் சிற்பங்கள் இருக்கின்றன. அடிவாரத்தில் நரசிங்கப் பெருமாளின் குடைவரைக் கோயில் இருக்கிறது. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன் காரி கி.பி. 770ஆம் ஆண்டில் அதைக் குடைவித்தார் என்றும், அவர் மறைந்தபின் தம்பி மாறன் எயினன் பணியை முடித்தார் என்றும் கல்வெட்டு கூறுகிறது. பக்கத்திலேயே முருகனுக்கு ஒரு குகைக் கோயில். ஒரே பாறையில் இத்தனை பேர் தத்தம் கடவுளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். நம் மதுரையில் சமயத்தின் பெயரால் பகையும் இருந்திருக்கிறது. சமணர்கள் கழுவேறிய கதையைப் பெரியபுராணம் கூறுகிறது. பகையும் உறவும் இரண்டும் பார்த்த மலை இது. அதன் அடியில் பள்ளிக்கூடம் வைத்திருக்கும் நாம் எந்தப் பக்கம் நிற்கப் போகிறோம் என்பதுதான் கேள்வி.

ஒரு வாரம் கழித்து சிஸ்டரிடம் சென்றோம். மனு அங்கேயே, கண்ணாடிக் கல்லின் கீழ் இருந்தது. "திருப்பி வாங்கிக்கொள்கிறோம் சிஸ்டர்" என்றோம். சிஸ்டர் அதை எடுத்துக் கொடுத்துவிட்டு, "என்னிடம் திருப்பி வாங்கியது சரி. அவளிடம் போய்க் கொடுக்க வேண்டியது ஒன்று இருக்கிறதே" என்றார்கள்.

மன்னிப்புக் கேட்பது மனு எழுதுவதைவிடக் கடினம். வேப்பமரத்தடிக்குப் போய் நின்றோம். யார் முதலில் பேசுவது என்று தெரியவில்லை. கடைசியில், முன்பு கடுஞ்சொல் கேட்டவளே, "எங்கள மன்னிச்சுக்கோ" என்று அழுதுவிட்டாள். அவளும் அழுதாள். பிறகு சொன்னாள்: "நான் மாலை போட்டிருந்தா நீங்க சந்தோஷப்பட்டிருப்பீங்க. ஆனா உங்களுக்குப் பயந்துதான் போட்டிருப்பேன். அது உங்க மாதாவுக்கு எப்படிப்பா மரியாதை ஆகும்?"

இந்த ஒரு கேள்விக்கு முன் நாங்கள் படித்த தீர்ப்புகள் எல்லாம் சிறியவையாகத் தோன்றின. நாசரேத்தூர் மரியாளிடம் வானதூதர் வந்தபோது, இறைவனே அவளுடைய சம்மதத்துக்குக் காத்திருந்தார் அல்லவா? "ஆகட்டும்" என்று அவள் மனமுவந்து சொன்னதைத்தானே தினமும் மூவேளை ஜெபத்தில் நினைக்கிறோம்? அந்தத் தாய்க்குக் கட்டாயத்தால் ஒரு மாலை வாங்கிக் கொடுக்க முயன்றோமே!

அவளுடைய தந்தை மாற்றுச் சான்றிதழ் வாங்கவில்லை. மாதாவின் விழா அன்று வேறொருத்தி மாலை போட்டாள். எங்கள் தோழி சொன்னபடி வரிசையில் வந்து நின்றாள். அதற்குப் பிறகு எல்லாம் நலமாக முடிந்தது என்று எழுதினால் அது பொய்யாகும். கையெழுத்திட்டவர்களில் இரண்டு மூன்று பேர் இன்னும் அவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவளும் பழையபடி எங்களிடம் நோட்டைத் தரச் சில வாரங்கள் ஆயின. உடைந்த பாத்திரத்தை ஒட்டலாம். ஒட்டிய தடம் போகாது. ஆனாலும் இப்போது மதிய உணவு வேளையில் வேப்பமரத்தடியில் நாங்கள் எல்லோருமே உட்காருகிறோம். அவள் வீட்டுப் புளியோதரைக்குப் போட்டியே நடக்கிறது.

பெற்றோர்களே, வீட்டில் நீங்கள் பிற சமயத்தாரைப் பற்றிப் பேசும் சொற்களைத்தான் நாங்கள் வகுப்பறைக்குக் கொண்டுவருகிறோம். "அவங்க வேற, நாம வேற" என்று நீங்கள் சாதாரணமாகச் சொல்வது எங்கள் கையில் மனுவாக மாறிவிடுகிறது. சிறிய வகுப்புத் தங்கைகளே, உங்கள் வரிசையில் ஒருத்தி வாய் திறக்காமல் நின்றால், அவள் உங்களை எதிர்த்து நிற்கிறாள் என்று எண்ணாதீர்கள். அவள் தன் கடவுளோடு நிற்கிறாள். நீங்கள் உங்கள் ஜெபத்தைச் சொல்லுங்கள்.

இப்போதும் தினமும் காலையில் மணி அடிக்கிறது. நாங்கள் சிலுவை அடையாளம் போடுகிறோம். பக்கத்தில் அவள் தலைகுனிந்து நிற்கிறாள். அவளுக்கு அடுத்து அந்த இசுலாமியத் தோழி நிற்கிறாள். ஜெபம் முடிகிறது. பிறகு நாட்டுப்பண் தொடங்கும்போது எங்கள் வரிசையிலேயே உரத்து ஒலிப்பது அவள் குரல்தான்.

இன்னும் சில வாரங்களில் பொதுத் தேர்வு எழுதிவிட்டு நாங்கள் பிரிந்துவிடுவோம். கணக்கும் அறிவியலும் எத்தனை மதிப்பெண் தருமோ தெரியாது. ஆனால் இந்தப் பள்ளி எங்களுக்கு ஒரு பாடத்தைக் கற்றுக்கொடுத்துவிட்டது. என் சமயம் எனக்கு எவ்வளவு இனியதோ அவ்வளவு இனியது அவள் சமயம் அவளுக்கு. இதை மறவாமல் வாழ எங்கள் அனைவருக்கும் இறைவன் அருள்புரிவாராக!